பாத்துக் குடுங்க மாமா

புரோக்கர் என்ற சொல்லை எங்கள் வீட்டில் சொல்லக் கூடாது. சொன்னால் என் வீட்டுக்காரர் சேக் இஸ்மாயில் சாப்பாட்டுத் தட்டைப் பல்லி விழுந்த தட்டு மாதிரி பார்ப்பார். பிறகு கை கழுவிவிட்டு எழுந்து போவார். நல்ல குழம்பு வைத்த நாளில் அந்தச் சொல் யார் வாயிலும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் மகள் சுஃபியா கைக்குழந்தையாக இருந்தபோது வில்லாபுரத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பார்த்தோம். காட்டியவர் மலையாண்டி என்ற புரோக்கர். வீடு பிடித்து, வாடகை பேசி, குடிபோக வெள்ளிக்கிழமையும் குறித்தாயிற்று. அந்த வாரத்தில் ஒரு காலை மலையாண்டி பழங்காநத்தத்தில் இருக்கும் எங்கள் கடைக்கு வந்தார். பைப், குழாய், வாஷர் விற்கிற கடை. காலையில் கூட்டம் நிற்கும். அத்தனை பேர் முன்னாலும், "பாய்மாருக்கு வீடு இல்லையாம் பாய், வேற பாப்போம்" என்று சொல்லிவிட்டு, வண்டியை அணைக்காமலேயே கிளம்பிப் போய்விட்டார். கடையில் நின்ற யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் மட்டும் முக்கால் இஞ்ச் எல்போ கேட்டார்.

அன்றோடு இவர் கணக்கில் உலகத்துக் கெட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே ஆளாகி மலையாண்டி என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சுஃபியா வளர்ந்து காலேஜ் போய்விட்டாள். அவர் கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பிடித்துத்தான் வாடகை வீடுகள் மாறினோம். கடைசியாக இருந்தது பழங்காநத்தத்தில் அன்னக்கொடி அம்மா வீட்டுக் கீழ்ப்பகுதி. நல்ல மனுஷி. ஒன்றும் சொல்லமாட்டார். நான் மீன் பொரிக்கிற அன்று மட்டும் மாடிப்படியில் பாதி இறங்கி வந்து, "என்ன சாயிரா, இன்னைக்கு விசேஷமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதனால் அடுப்படி ஜன்னலை இறுகச் சாத்திவிட்டு, புகையில் கண்ணெரிந்து, வேர்த்துக் கொட்டித்தான் மீன் பொரிப்பேன். சொந்த வீடு என்றால் மற்றவர்களுக்கு என்னென்னவோ ஆசை இருக்கும். எனக்கு இருந்தது ஒன்றே ஒன்று. ஜன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கெண்டை மீன் பொரிக்க வேண்டும்.

அன்னக்கொடி அம்மாவின் மகனுக்குக் கல்யாணம் முடிவானது. புது மருமகளுக்குக் கீழ்ப்பகுதி வேண்டுமாம். நோன்பு தொடங்குவதற்குள் காலி செய்து கொடுத்தால் நல்லது என்றார். கையில் சேர்த்து வைத்தது கொஞ்சம் இருந்தது. போதும், இனி வாடகை வீட்டுக்குச் சாமான் கட்டமாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன். இவரும் சரி என்றார். ஆனால் புரோக்கர் கூடாது.

ஆண்டவன் கருணை என்றுதான் முதலில் நினைத்தோம். அந்த வாரமே திருமங்கலம் பக்கத்திலிருந்து ஜெயபாண்டி என்ற விவசாயி கிணற்று மோட்டாருக்கு ஃபுட் வால்வு வாங்கக் கடைக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக, வில்லாபுரத்தில் அவருக்கு ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது என்றும், நல்ல ஆளாக வந்தால் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தில் தோட்டத்தில் போர் போடலாம் என்றும் சொன்னார். ஆனால் 'வீடு விற்பனைக்கு' என்று போர்டு மாட்டமாட்டாராம். மாட்டினால் சொந்தக்காரர்கள் எல்லாரும், காசிமாயன் மகன் நொடித்துப் போய்விட்டான், அப்பன் வாங்கிய வீட்டை விற்கிறான் என்று பேசுவார்களாம். அதனால் விஷயம் வெளியில் யாருக்கும் தெரியாது.

இவர் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது முகத்தில் பிறை கண்ட சந்தோஷம். "ஊருல ஒரு பயலுக்குத் தெரியாது சாயிரா. புரோக்கர் இல்ல, கமிஷன் இல்ல. நேருக்கு நேரா பேசி முடிச்சுருவோம்" என்றார்.

நேருக்கு நேராகப் பேசுவதில்தான் சிக்கல் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்கப் போனோம். ஜெயபாண்டியும் அவர் மனைவி பாண்டீஸ்வரியும் முன்னாலேயே வந்து வாசலைக் கழுவி வைத்திருந்தார்கள். கீழே நாங்கள் இருக்கும் அளவுக்கு இடம், மேலே வாடகைக்கு விடும்படி தனியாக ஒரு பகுதி. இவர் வீட்டைப் பார்க்கவில்லை, குழாய்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் நேராக அடுப்படிக்குப் போனேன். பெரிய ஜன்னல். திறந்தால் எதிரில் காலி மனை, அதற்கப்பால் வேலிக்கருவை. காற்று நேராக வந்து முகத்தில் அடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் உரிக்காமல் அடுப்படியில் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்தால், அதற்குள் ஆண்கள் இருவரும் காரியத்தைக் கெடுத்து வைத்திருந்தார்கள். ஜெயபாண்டி இவரை "மாமா" என்று கூப்பிட, இவர் அவரை "மாப்ள" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிதில்லை. பாய்மாரும் ஜெயபாண்டி ஊர்க்காரர்களும் மாமன் மச்சான் முறை வைத்துப் பேசுவது வழக்கம். ஆனால் விலை பேசுவதற்கு முன்னால் முறை வைக்கக் கூடாது. முறை வைத்துவிட்டால் பிறகு விலை பேச முடியாது. போதாக்குறைக்கு, இவர் மாமா என்றால் நான் யார்? ஜெயபாண்டிக்கு அக்கா. "உள்ள வாங்கக்கா" என்று அவர் கூப்பிட்டதும் எனக்கே உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. தம்பி இல்லாமல் பிறந்தவள் நான்.

நான் ரவையில் செய்து கொண்டுபோன தம்ரூட் இனிப்பைப் பாண்டீஸ்வரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கிளம்பும்போது இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப வீடு என்ன விலை மாப்ள" என்று ஒருவழியாகக் கேட்டார். ஜெயபாண்டி தரையைப் பார்த்தார்.

"என்ன மாமா, உங்ககிட்டப் போயி நான் விலை சொல்றதா. நீங்களே பாத்துக் குடுங்க."

"இல்ல மாப்ள, நீங்க சொல்லுங்க."

"சேச்சே. பாத்துக் குடுங்க மாமா."

மதுரையில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் விஷம் தெரியும். ஆட்டோக்காரர் சொன்னால் மீட்டருக்கு மேல் கொடுத்துவிட்டு இறங்குவோம். வீட்டை விற்கிறவர் சொன்னால் எவ்வளவு கொடுப்பது? குறைத்துச் சொன்னால் மாப்பிள்ளையை அவமதித்ததாகிவிடும். கூட்டிச் சொன்னால் நம்மிடம் அந்தப் பணம் இல்லை. இவர் பைக்கை எடுத்தார்.

மறுநாள் திருமங்கலம் பஸ்ஸில் ஜெயபாண்டி ஏற்றிவிட்ட ஒரு மூட்டை நிலக்கடலை வந்து சேர்ந்தது. தம்ரூட்டுக்குப் பதில் மரியாதையாம். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு செய்முறை என்றால் உயிர். ஒருவர் ஒன்று செய்தால், அதைவிட ஒரு பிடி கூட்டித்தான் திருப்பிச் செய்வார்கள். கடலை மூட்டையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்தது. அடுத்த ஞாயிறு ஒரு பெரிய தேக்சா நிறையப் பிரியாணி போட்டு ஆட்டோவில் கொண்டுபோனோம். அதற்குப் பதிலாக இளநீர் குலைகளும் காலைக் கட்டிய ஒரு சேவலும் வந்தன. இவர் கடையிலிருந்து பளபளவென்று மின்னும் புதுக் குழாய்களும் ஷவரும் எடுத்துக்கொண்டுபோய், விற்கப்போகிற அந்த வீட்டுக்கே மாட்டிவிட்டு வந்தார். நாம் வாங்கப்போகிற வீட்டுக்கு நாமே குழாய் மாட்டி அதை அவர்களுக்குப் பரிசு என்று கொடுத்த ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது விலை கேட்பார். ஒவ்வொரு தடவையும் ஜெயபாண்டி தரையைப் பார்ப்பார்.

நானும் சும்மா இருக்கவில்லை. பெண்களுக்குள் பேசினால் முடிந்துவிடும் என்று பாண்டீஸ்வரிக்கு போன் செய்தேன். அவள் அம்மாவுக்கு முட்டுவலி என்றாள். எங்கள் அம்மாவுக்கும் அதேதான் என்றேன். பேசி முடித்து போனை வைத்தபோது பிரண்டைத் துவையல் அரைக்கிற பக்குவம் எனக்குத் தெரிந்திருந்தது. வீட்டின் விலை தெரியவில்லை.

ஷவருக்குப் பதில் வந்தது ஆட்டுக்கிடா.

ஜெயபாண்டி தன் மொபெட்டில் முன்னால் நிற்க வைத்து அதைக் கொண்டுவந்தார். கறுப்புக் கிடா, நெற்றியில் வெள்ளை. "அக்காவுக்குத் தம்பி சீரு" என்று சொல்லி அன்னக்கொடி அம்மாவின் கேட்டில் கட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அறுக்கலாம் என்றால், அறுத்த கறியில் கொடுத்தவருக்குப் பங்கு அனுப்ப வேண்டும். பங்கு அனுப்பினால் அதற்குப் பதிலாக என்ன வருமோ. பசு மாடு வந்தால் எங்கே கட்டுவது? அதனால் கிடா உயிரோடு இருந்தது. இருந்து, அன்னக்கொடி அம்மாவின் கறிவேப்பிலைச் செடியைத் தின்றது, செம்பருத்தியைத் தின்றது, மருமகளுக்காக வாங்கி மாடிப்படியில் வைத்திருந்த புதுக் கால்மிதியையும் பாதி தின்றது. அன்னக்கொடி அம்மா மாடிப்படியில் முழுதாக இறங்கி வந்தார். சிரிக்கவில்லை. நோன்பு வரைக்கும் காத்திருக்க முடியாது, இந்த மாதக் கடைசியிலேயே காலி செய்து கொடுங்கள் என்றார்.

அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கிடாவின் மீதும் வந்தது, மாமன் மாப்பிள்ளை மீதும் வந்தது. கமிஷன் மிச்சம் என்றார் இவர். பிரியாணிக்கும் குழாய்க்கும் ஆட்டோவுக்கும் ஆனதில் கமிஷனை இரண்டு தடவை கொடுத்திருக்கலாம். அதை வீட்டில் சொன்னால் சாப்பாட்டில் எழுந்துவிடுவார் என்பதால், அதைச் சொல்லவே கடைக்குப் போனேன்.

போன நேரத்தில் கடையில் இவருடைய சின்னம்மா மகன் சாமான் வாங்க நின்றிருந்தார். இவரைக் காணோம். கல்லாவில் இருந்த தவ்பீக், எங்களிடம் பல வருடமாக வேலை பார்ப்பவர், விலையைச் சொல்லிக் கறாராகப் பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். சின்னம்மா மகன் தவ்பீக்கைத் திட்டிக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் குடோனுக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் தலையை நீட்டினார். சொந்தக்காரர் வந்தால் விலை சொல்ல இவருக்கு வாய் வராது. அதனால் ஒளிந்துகொண்டு தவ்பீக்கைச் சொல்ல விடுகிறார். கெட்ட பெயர் தவ்பீக்குக்கு. கடைக்கு நட்டமில்லை. கடை வாசலில் 'ஒரே விலை' என்று போர்டு மாட்டியிருப்பதன் ரகசியமும் எனக்கு அன்றுதான் விளங்கியது.

நான் வாசலோடு திரும்பிவிட்டேன். ஆட்டோ பிடித்து நேராக வில்லாபுரம் போனேன்.

மலையாண்டி பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில்தான் இருந்தார். தலை நரைத்து, கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். என்னை மறக்கவில்லை என்று தெரிந்தது. எனக்கு அவரிடம் சுற்றி வளைத்துப் பேசும் பொறுமை இல்லை.

"அண்ணே, எங்களுக்கு வீடு பாத்தாச்சு. விலை பேச ஆளில்ல. நீங்க வந்து கெட்டவனா நிக்கணும். முடியுமா?"

அவர் யோசிக்கவே இல்லை. "அதுக்குத்தான தங்கச்சி இருக்கேன். ஞாயித்துக்கெழம வாரேன்" என்றார். பிறகு தயங்கி, "பாய் வெட்ட வந்தா நீங்கதான் புடிச்சுக்கணும்" என்றார். அது என் பொறுப்பு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பாண்டீஸ்வரி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது மலையாண்டி செருப்போடு உள்ளே நுழைந்தார். என் வீட்டுக்காரர் கையிலிருந்த தம்ளர் அப்படியே நின்றது. மலையாண்டி யாரையும் பார்க்காமல் சுவரைத் தட்டினார், குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார்.

"தண்ணி உப்பு. சுவத்துல விரிசல். இந்த வீட்டுக்கா இம்புட்டு நாளா இழுத்துக்கிட்டு இருக்கீக?" என்று சொல்லிவிட்டு ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு வாசல் கேட்டும் வேப்பமரமும் கிடைக்கலாம்.

ஜெயபாண்டி எழுந்துவிட்டார். யாருய்யா நீ, எங்கள் அப்பா செங்கல் செங்கலாகப் பார்த்து வாங்கிய வீட்டுக்கு இந்த விலையா, என்று அவர் சத்தம் போட, என் வீட்டுக்காரரும் எழுந்து நின்று மாப்பிள்ளைக்காகச் சண்டை போட்டார். உப்புத் தண்ணி இல்லையாம், தானே மாட்டிய குழாயில் வருவது தேங்காய்த் தண்ணியாம். மலையாண்டி அசரவில்லை. ஜெயபாண்டி பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்துவது போலத் தாழ்த்தி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அப்ப நீங்க ஏத்திக் கேளுங்கண்ணே. பாய்க்கு அவசரம். இவுகளுக்கு வேற எவன் வீடு குடுப்பான்? எம்புட்டுக் கேட்டாலும் குடுத்துத்தான் ஆகணும்." இந்தத் தடவை ஒரு பெரிய விலையைச் சொன்னார்.

கெட்டவனாக நிற்கச் சொன்னது நான்தான். ஆனால் இவ்வளவு நன்றாக நிற்பார் என்று நான் நினைக்கவில்லை. என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. ஜெயபாண்டி அந்த முகத்தைப் பார்த்தார்.

"எங்க மாமாகிட்ட அம்புட்டு வாங்கித் திங்கிற வயிறு எனக்கு இல்லைய்யா" என்றார் மலையாண்டியிடம். சொல்லிவிட்டு, தரையைப் பார்க்காமல், தன் விலையைச் சொன்னார்.

இத்தனை ஞாயிறாக நான் காத்திருந்த விலை. அந்தத் தொகையை இங்கே எழுதமாட்டேன், கண் படும். எங்களிடம் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவு என்பது மட்டும் போதும். நான் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர், "அது கொறச்சல் மாப்ள. நீங்க நட்டப்படக் கூடாது" என்று தானாக ஒரு தொகையைக் கூட்டினார். எந்த ஊரிலாவது வாங்குகிறவன் விலையை ஏற்றுவானா? ஜெயபாண்டி முடியாது என்றார். இவர் கூடுதலை வாங்கிக்கொண்டுதான் ஆகணும் என்றார். இனி இவர்கள் இருவரும் இதற்காக அடித்துக்கொள்வார்கள் என்று தோன்றியபோது மலையாண்டி நடுவில் புகுந்து, இரண்டுக்கும் இடையில் ஒன்றை வைத்து முடித்துவிட்டார். அதுவரை அவர் டீ கூட வாங்கிக் குடிக்கவில்லை. பாண்டீஸ்வரி கொடுக்கவும் இல்லை.

போகிற போக்கில்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "அப்பா பேர்ல உள்ள வீடு. கூடப்பொறந்தவுக யாரும் இருக்காகளா? கையெழுத்து வேணுமே."

எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி. ஜெயபாண்டி மறுபடியும் தரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அவருக்குச் சொந்த அக்கா ஒருவர் இருக்கிறார். பெயர் ஜெயக்கொடி, செக்கானூரணியில் கட்டிக்கொடுத்தது. அவருக்குச் சேரவேண்டிய பங்கைக் கொடுக்க ஜெயபாண்டி ஒத்துக்கொண்டவர்தான். சிக்கல் பங்கில் இல்லை. தம்பி யாரோ ஒரு பாய் வீட்டு அக்காவுக்குக் கிடா சீர் கொண்டுபோன சேதி எப்படியோ செக்கானூரணி வரைக்கும் போய்விட்டது. கூடப் பிறந்தவளுக்கு இத்தனை வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சு பிடித்துத் தராதவன், ஊரான் வீட்டு அக்காவுக்குக் கிடா பிடித்துக் கொடுக்கிறானா, நான் கையெழுத்தும் போடமாட்டேன் ஒன்றும் போடமாட்டேன் என்று அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் போடமாட்டேன்.

அதற்கும் மலையாண்டிதான் போனார். அன்னக்கொடி அம்மாவின் கேட்டிலிருந்து கிடாவை அவிழ்த்து, ஜெயபாண்டியின் மொபெட்டிலேயே ஏற்றிக்கொண்டு இருவரும் செக்கானூரணி போனார்கள். கிடா உங்களுக்கென்றே தம்பி வளர்த்தது, பாய் வீட்டில் கட்டி வைக்கச் சொன்னது நான், கொண்டுவந்து சேர்க்காமல் மறந்தது என் தப்பு என்று மலையாண்டி ஜெயக்கொடி வாசலில் நின்று சொன்னாராம். அந்த அம்மா நம்பினாரோ இல்லையோ, திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது. கொடுத்த திட்டில் தெருவே கூடிவிட்டதாம். திட்டி முடித்து, கிடாவுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, எந்தத் தேதிக்கு வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

பத்திரம் பதிந்த அன்று ஆபீசுக்கு வெளியே எல்லாரும் இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மலையாண்டி மட்டும் கொஞ்சம் தள்ளி, கமிஷனுக்காக நின்றார். என் வீட்டுக்காரர் கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொடுக்காமலேயே நின்றார். நான் முழங்கையால் இடித்ததும் அவர் பக்கம் போனார். நானும் கூடப் போனேன்.

"குடுக்க மாட்டேன்னு இல்ல. ஆனா அன்னைக்கு என் கடையில வந்து சொன்னீகளே ஒரு சொல்லு. அதை நெனச்சா கை வர மாட்டேங்குது" என்றார் இவர்.

மலையாண்டி தலையை ஆட்டினார். "அந்த வீடு யாரு வீடு பாய்?"

இவர் சட்டைப் பையிலிருந்த கவரைத் தடவிப் பார்த்தார்.

"கான்ட்ராக்டர் கண்ணுச்சாமி வீடு. அவருதான் வேணாம்னாரு. அவரு வாயால சொல்ல அவருக்குக் கூச்சம், என்னையச் சொல்லச் சொன்னாரு. இன்னைக்கும் உங்க கடையிலதான் பைப்பு எடுக்குறாரு. நீங்க சேர் போட்டு டீ வாங்கிக் குடுக்குறீக. நான் ரோட்டுல எதிர வந்தா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிறீக."

எனக்கு இது புதிது. கண்ணுச்சாமி வாரத்துக்கு ஒரு தடவையாவது கடைக்கு வருவார். போன பெருநாளைக்கு எங்கள் வீட்டுப் பிரியாணி அவர் வீட்டுக்குப் போனது. நான்தான் கட்டிக் கொடுத்தேன். நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அதிர்ச்சி எதுவும் இல்லை.

"தெரியும்" என்றார் இவர், மெதுவாக. "தெரியாமலா இருப்பேன். ஆனா அவரு கஸ்டமரு. அவருமேல கோவப்பட்டா கடை நடத்த முடியுமா? யார்மேலயாவது கோவப்படணும்ல."

இருபது வருடமாகப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோன மனிதரைப் பார்த்து எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் பாவமாக இருந்தது. ஆனாலும் மலையாண்டியைச் சும்மா விட எனக்கு மனமில்லை. எவனோ சொன்னதைக் கூலிக்குச் சுமந்து வந்தீர்கள், சரி. அதை அத்தனை பேர் முன்னாலா சொல்ல வேண்டும், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"அது தப்புத்தான் தங்கச்சி" என்றார் அவர். "எனக்கும் சொல்லிட்டு ஓடிறணும்போல இருந்துச்சு. அதான் வண்டியக்கூட அமத்தல."

இவர் கவரைக் கொடுத்தார். கூடவே ஓர் இளநீர் வெட்டச் சொன்னார்.

நோன்புக்கு முன்னாலேயே குடிவந்துவிட்டோம். பால் காய்ச்சிய மறுநாள் கெண்டை மீன் வாங்கி வந்தேன். அடுப்படி ஜன்னலின் இரண்டு கதவையும் திறந்து, கொக்கி மாட்டிவிட்டு, தெருவே மணக்கப் பொரித்தேன். யாரும் படியிறங்கி வரவில்லை. என்ன விசேஷம் என்று யாரும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய விசேஷமாக இருந்தது.

அன்று மலையாண்டி வந்திருந்தார். மாடிப் பகுதியை வாடகைக்கு விட ஆள் பார்க்கச் சொல்லி இவர்தான் வரச் சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கும் தட்டில் சோறும் மீனும் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே மலையாண்டி தொழில் பேச்சாகத்தான் கேட்டார், மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு இல்லை.

"எப்படிப்பட்ட ஆளுக வேணும் பாய்? யார் யாருக்கு இல்லன்னு சொல்லணும்? முன்னாடியே சொல்லிருங்க, வாசலுக்கு வராம நான் பாத்துக்கிறேன்."

என் வீட்டுக்காரர் கை தட்டிலேயே நின்றது. அவரிடம் அப்படி ஒரு பட்டியல் இருந்தது எனக்குத் தெரியும். முந்தின நாள் ராத்திரி நானும் அவரும் சேர்ந்துதான் போட்டோம். தனி ஆண்கள் வேண்டாம், குடிக்கிறவர்கள் வேண்டாம், ஆடு வளர்ப்பவர்கள் கண்டிப்பாக வேண்டாம் என்று சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தோம். பிறகு சிரிக்காமலும் ஒன்றிரண்டு சேர்த்தோம். வீடு வாங்கி வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் எங்களுக்கும் அந்த வாய் வந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"யாரு வந்தாலும் கூட்டிட்டு வாங்க" என்றார் இவர். "வேணாம்னா அவுக மூஞ்சியப் பாத்து நானே சொல்லிக்கிறேன். இனிமே எனக்காக அந்தச் சொல்ல நீங்க யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

மலையாண்டி மீன் முள்ளை ஓரமாக எடுத்து வைத்தார். பிறகு இன்னொரு துண்டு மீன் இருக்கிறதா என்று கேட்டார்.

எனக்கு அப்போதே தெரியும், இவருக்கு யார் முகத்தைப் பார்த்தும் இல்லை என்று சொல்ல வராது. ஒளிந்துகொள்ள இங்கே குடோனும் இல்லை. முதலில் யார் வருகிறாரோ அவருக்குத்தான் வீடு. திங்கட்கிழமை முதலில் வந்தவர் கோயில் திருவிழாக்களுக்குத் தவில் வாசிக்கிற இளவயதுக்காரர், பெயர் சூர்யபிரகாஷ். தவிலை ஆட்டோவிலேயே வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். ஏறி இறங்கிய வீட்டில் எல்லாம் சத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். இவர் அவரை உட்கார வைத்து, பேச்சுக் கொடுத்து, எந்த ஊர் என்று கேட்டு, நான் அடுப்படியிலிருந்து வாயில் விரல் வைத்துத் தடுப்பதற்குள் "மாப்ள" என்று கூப்பிட்டுவிட்டார்.

வாடகை எவ்வளவு என்று அந்தப் பையன் கேட்டான். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"நீங்களே பாத்துக் குடுங்க மாப்ள."

இப்போது காலையில் மாடியில் அந்தப் பையன் தவில் சாதகம் செய்ய ஆரம்பித்தால் அந்த அதிர்வில் அடுப்பில் பால் தானாகவே பொங்குகிறது. ஜன்னலை நான் இன்னும் சாத்தவில்லை.